நாலாவது கேள்வி

அன்று காலையில் மூத்தவள் இரண்டு முறை பல் தேய்த்தாள். முதல் முறை தேய்த்தது மறந்துபோனதால் இரண்டாவது முறை. கண்ணாடிக்கு முன்னால் வாய் நிறைய நுரையோடு நின்றபடி, ஒன்பதாவது தாளின் மூன்றாவது பதிலை மனத்துக்குள் இங்கிலீஷில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளே ஆள் இருக்கா, இல்ல குழாய் தானா ஓடுதா?" என்று வெளியிலிருந்து கதவைத் தட்டினார் கணவர்.

லிப்ட் பழுது பார்க்கிறவர். மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களைப் பேச்சுக் கொடுத்தே அமைதிப்படுத்திவிடுவார் என்று தொழிலில் பெயர் எடுத்தவர். சொந்தப் பெண்டாட்டியிடம் மட்டும் அந்த வித்தை பலிப்பதில்லை.

"வரேங்க, வரேன்!"

பிரஷ்ஷைக் கழுவி, கண்ணாடித் தட்டில் இருந்த பிளாஸ்டிக் கோப்பையில் போட்டாள். அதில் அவருடைய பிரஷ் ஏற்கெனவே சாய்ந்து நின்றது.

போன வாரம் ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் பதினோரு பேரின் பரீட்சை முடிவை ஒட்டியிருந்தார்கள். பத்துப் பேருக்கு எதிரே பச்சை மை. பதினோராவது ஆளுக்கு மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்பு இவள்தான்.

பத்தொன்பது வருஷமாக மருந்துக் கவுன்ட்டரில் நிற்கிறாள். பல ஊர்க்காரர்களும் வந்துபோகிற ஆஸ்பத்திரி ஆகிவிட்டதால், கவுன்ட்டரில் நிற்பவர்கள் எல்லாரும் இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டும் என்று புது நிர்வாகம் சொல்லிவிட்டது. பரீட்சை என்றால் பெரிய சமாச்சாரம் இல்லை. ஒரு பக்கத்துப் பாடம் தருவார்கள். படித்துவிட்டு நாலு கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். இயல்பாக, மனிதர்கள் பேசுகிற மாதிரி.

இவளுடைய தாளில் இப்படி எழுதியிருந்தார்கள்: 'பாடத்தில் உள்ளதை அப்படியே திருப்பிச் சொல்கிறார். இயல்பாக இல்லை. சொந்தமாக ஒரு வார்த்தைகூட இல்லை.'

இன்று மத்தியானம் இரண்டரை மணிக்கு மறுபரீட்சை. இதிலும் தவறினால் அடித்தளத்தில் இருக்கும் ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே பெட்டி அடுக்க வேண்டும், பெட்டி இறக்க வேண்டும். பகலிலும் டியூப்லைட் எரியும். மனித முகம் என்று ஒன்று கண்ணில் படாது.

பக்கத்துக் கவுன்ட்டர்கள் காலியாக இருந்தாலும் இவள் வரிசையில்தான் நிற்பேன் என்று நிற்கிறவர்கள் சிலர் உண்டு. இந்தம்மா சொன்னால்தான் எனக்குப் புரிகிறது என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வீங்கிய காலோடு இத்தனை வருஷம் நின்றிருக்கிறாள். ஸ்டோருக்குப் போனால் அது போய்விடும்.

*

சாப்பாட்டு மேசையில் தங்கை தாள்களோடு காத்திருந்தாள்.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு வந்து, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்க்கா" என்றவள் இளையவள். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை. புருஷன் வீட்டிலிருந்து ஏன் வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம். கேட்க வாயெடுக்கிற நேரத்தில் டியூட்டிக்கு மணி ஆகிவிடுவது இன்னொரு பக்கம்.

இளையவள் பார்க்கிற வேலை விசித்திரமானது. ஒரு கம்பெனி அவளுக்குப் பாடமும் கேள்வியும் அனுப்பும். அவற்றுக்கு இயல்பான இங்கிலீஷில் மாதிரிப் பதில் எழுதி அனுப்புவாள். அந்தத் தாள்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகுமா, அலுவலகத்துக்குப் போகுமா என்று அவளுக்கே தெரியாது. புதுத் தாள்களை வெளியாளுக்குக் காட்ட மாட்டேன் என்று கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதனால் அச்சேறிப் பழசான இருபது தாள்களைத் தேர்ந்தெடுத்து அக்காவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள்.

"பேப்பரை மூடுக்கா. நான் ஒண்ணு கேக்கறேன். அந்தக் கடைக்காரர் ஏன் கடையைச் சீக்கிரம் சாத்தினார்?"

மூத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வானிலை மோசமடைந்த காரணத்தினால் கடைக்காரர் தமது கடையை வழக்கத்துக்கு முன்னதாகவே மூடினார் என்று மூச்சு விடாமல் இங்கிலீஷில் சொல்லி முடித்தாள்.

"ரயில்வே ஸ்டேஷன் மைக் மாதிரி இருக்கு."

"தப்பா?"

"தப்பில்ல. ஆனா மனுஷங்க இப்படிப் பேச மாட்டாங்க. 'மழை வர்ற மாதிரி இருந்துச்சு, அதான்'னு சொல்லேன். அவ்வளவுதான்."

"பாடத்துல மழைன்னே இல்லையேடி. வானிலைன்னுதானே இருக்கு?"

"வானிலை மோசமடைந்த காரணத்தினால் எனக்கு இன்னொரு காபி கிடைக்குமா?" என்றார் லிப்ட்காரர். இரண்டு பேரும் அவரை முறைத்தார்கள்.

"கவுன்ட்டர்ல டாக்டர் எழுதினதை ஒரு எழுத்து மாத்தாம வாய்விட்டுப் படிக்கணும்" என்றாள் மூத்தவள். "அதையே நோயாளிகிட்ட சொல்லணும். அவங்க வாயாலயும் திருப்பிச் சொல்ல வெக்கணும். நான் அங்கே சொந்தச் சரக்கைச் சேர்த்தா ஆள் போயிடும்."

"இங்கே சொந்தச் சரக்கைச் சேர்க்கலேன்னா மார்க் போயிடும்" என்றாள் இளையவள். "என் பதிலை உருப்போடாதேக்கா. முதல்ல நீயா சொல்லிப் பாரு. அப்புறம் ஒத்துப் பாரு. சரியா?"

"சரி சரி."

சரி சரி என்றது வாய்தான். இருபது தாள்களையும் தங்கை எழுதிய பதில்களோடு அவள் எப்போதோ நெட்டுருப் போட்டாகிவிட்டது. உண்மையில் இருபத்தொன்று. மாத்திரை எண்ணிப் பழகிய கை, நேற்று மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் தாள்கட்டை எண்ணிப் பார்த்தது. ஒரு தாள் அதிகம். மாத்திரை ஒன்று கூடியிருந்தால் அந்த இடத்திலேயே டப்பாவைக் கவிழ்த்து மறுபடி எண்ணியிருப்பாள். தாள்தானே, கூட இருந்தால் நல்லதுதானே என்று அதையும் போட்டு மென்று விழுங்கிவிட்டாள். அர்த்தத்தைப் பார்க்க நேரம் இல்லை. ஓசை மட்டும் உள்ளே போயிருந்தது.

கிளம்பும்போது இளையவள் வாசல் வரை வந்தாள்.

"அக்கா, சாயந்தரம் ஒரு விஷயம் பேசணும்."

"என்னடி?"

"இப்ப வேண்டாம். பரீட்சைய முடிச்சிட்டு வா."

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த 'ஒரு விஷயம்' காதிலேயே நின்றது.

*

நாலாவது மாடியில் கூட்டம் நடத்துகிற அறை. நீள மேசை, சுவரில் ஒரு கடிகாரம், கூரையை ஒட்டி இரைந்துகொண்டிருந்த ஏசி. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட ஒரு மனிதர், நீலச் சால்வை போர்த்திய ஒரு பெண்மணி.

கண்ணாடிக்காரர் ஒரு உறையைக் கிழித்துத் தாளை நீட்டினார். "ஐந்து நிமிஷம். படித்துக்கொள்ளுங்கள்."

முதல் வரியைப் பார்த்ததும் மூத்தவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தெரிந்த பாடம்! இருபத்தொன்றாவது தாள்! யாரோ ஒருத்தி பெட்டியோடு உறவினர் வீட்டுக்கு வருகிறாளே, அந்தக் கதை.

அடித்தது யோகம் என்று நினைத்துக்கொண்டாள். பாடத்தை மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிச்ச நேரம் முழுவதும் பதில்களைத்தான் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

முதல் கேள்வி. அந்தப் பெண் எங்கே வந்து தங்கினாள்? கடகடவென்று சொன்னாள். இரண்டாவது கேள்வி. வந்த இடத்தில் அவள் பகலெல்லாம் என்ன செய்தாள்? செடிக்குத் தண்ணீர் விட்டது, கிழிந்த திரைச்சீலையைத் தைத்தது, ஒன்றுவிடாமல் சொன்னாள். மூன்றாவது கேள்வி. துணிகளை எங்கே வைத்துக்கொண்டாள்? தினமும் காலையில் மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்து, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். அதையும் சொன்னாள்.

சொல்லச் சொல்லத்தான் கவனித்தாள். கண்ணாடிக்காரர் தன் முன்னால் இருந்த தாளில் விரலை வைத்து, அவள் பேசப் பேச வரிவரியாக நகர்த்திக்கொண்டு வந்தார். டாக்டர் சீட்டில் இவள் விரல் வைத்துப் படிப்பாளே, அதே போல. அந்த விரல் எங்கேயும் நிற்கவில்லை. எங்கேயும் பின்னால் போகவில்லை.

இந்தப் பாடம் எப்படி இங்கே வந்தது? அப்படியென்றால் அந்த ஒரு தாள் பழசு இல்லையா?

"நாலாவது கேள்வி" என்றார் அவர், தலை நிமிராமல். "அந்தப் பெண் கடைசிவரை பெட்டியைக் காலி செய்யவே இல்லை. ஏன் என்று நினைக்கிறீர்கள்?"

வாய் தானாகத் திறந்தது. பழக்க தோஷம்.

"அவளைப் போ என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஆனால் இரு என்றும்..."

அங்கே நின்றுவிட்டது.

நேற்று வெறும் ஓசையாக உள்ளே போன வரி, இப்போதுதான் அர்த்தமாக வெளியே வந்தது. இந்தப் பதிலை எழுதியது யார்? தன் வீட்டுச் சின்ன அறையில், கட்டிலுக்கு அடியில் சாம்பல் நிறப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதியது யார்? பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அந்தப் பெட்டியில் இடிக்கும். அலமாரியில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்று எத்தனை முறை நினைத்தாள்! குளியலறைக் கோப்பையில் இரண்டே பிரஷ். மூன்றாவதைத் தங்கை தினமும் காலையில் கழுவி, துடைத்து, டப்பாவில் போட்டுத் தன் அறைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுவாள். நாலு மாசமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

"சொல்லுங்கள்" என்றார் சால்வைக்காரப் பெண்மணி. "இரு என்றும்?"

மிச்ச வரி தொண்டையில் தயாராகத்தான் இருந்தது. அதைச் சொல்ல மூத்தவளுக்கு மனம் வரவில்லை. அது அவளுடைய வரி இல்லை. அவள் தங்கையுடையது.

"அந்த வீட்டில் ஒரு அக்கா இருந்திருப்பாள்" என்று ஆரம்பித்தாள். இங்கிலீஷ் தடுக்கித் தடுக்கி வந்தது. "பாடத்தில் அவளைப் பற்றி எழுதவில்லை. அவள் கெட்டவள் இல்லை. தினமும் வேலைக்குப் போவாள். என்ன ஆச்சு என்று நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டாள். தங்கை சும்மா வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். சும்மா யாராவது வருவார்களா? அந்தப் பெண் பெட்டியைக் காலி செய்யாததற்கு அந்த அக்காதான் காரணம். அவள் ஒரு முட்டாள்."

பெண்மணி பேனாவைக் கீழே வைத்தார்.

"அக்கா என்று பாடத்தில் எங்கே இருக்கிறது?" என்றார் கண்ணாடிக்காரர்.

"பாடத்தில் இல்லை, சார். என் வீட்டில் இருக்கிறாள்."

சொன்னபோது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சினாள். வேறு என்ன செய்ய?

பெண்மணி மெல்லச் சிரித்தார். "இந்த ஒரு பதிலுக்கே நான் தேர்ச்சி கொடுத்துவிடுவேன். இதைத்தானே போன முறை கேட்டோம்?"

"நாலாவது சரி" என்றார் கண்ணாடிக்காரர். தன் தாளை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். "முதல் மூன்றும் என்னிடம் உள்ள மாதிரி விடைத்தாளில் இருக்கிறபடியே வந்தன. ஒரு வார்த்தை முன்னே பின்னே இல்லை. இந்தத் தாள் முத்திரை வைத்த உறையில் முந்தாநாள்தான் எங்களுக்கு வந்தது. உங்கள் கைக்கு எப்படி வந்தது?"

மூத்தவள் அந்தத் தாளைப் பார்த்தாள். எல்லாம் தங்கை எழுதிய வரிகள்.

"என்கிட்ட ஒரு தாள் இருந்தது, சார். மனப்பாடம் பண்ணினேன். பரீட்சைத் தாள் என்று தெரியாது."

"யார் கொடுத்தார்கள்?"

அவள் கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். பேசினால் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் ஒரு படிவத்தை எடுத்து மேசையில் தள்ளினார். "பத்தொன்பது வருஷம் ஒரு புகார் இல்லாதவர் நீங்கள். அதனால்தான் அவகாசம் தருகிறேன். நாளைக் காலை பத்து மணிக்குள் தாள் கொடுத்தவரின் பெயரை இதில் எழுதிக் கொண்டுவாருங்கள். கொடுத்தால் நாலாவது பதில் செல்லும், கவுன்ட்டரும் உங்களுக்கு. இல்லையென்றால் ஸ்டோர்."

*

ஆஸ்பத்திரி வாசலில் லிப்ட்காரர் வண்டியோடு நின்றிருந்தார்.

"என்னாச்சு? முகம் ஏன் இப்படி இருக்கு?"

"என் கட்டுல இருபது தாள்தானே இருந்துச்சு. இருபத்தொண்ணு எப்படி ஆச்சு?"

அவர் முகம் மலர்ந்தது. "கவனிச்சிட்டியா? நான்தான் வெச்சேன். முந்தாநாள் பிரிண்டர் பக்கத்துல ஒண்ணு தனியா கெடந்துச்சு. சின்னவ மறந்துட்டா போலன்னு உன் கட்டுல சேர்த்துட்டேன். ஏன், அதுவா வந்துச்சு?"

"அதேதான் வந்துச்சு."

"பாத்தியா! நம்ம கை ராசி அப்படி!"

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஆசையாகச் செய்தார். "வீட்ல இதைப் பத்தி மூச்சு விடக் கூடாது. வண்டிய எடுங்க" என்றாள்.

வழிநெடுகக் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். படிவம் அதற்குள் நாலாக மடிந்து கிடந்தது.

வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சின்ன அறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் பெட்டி இல்லை. கட்டில்மேல் இருந்தது, வார் இழுத்துக் கட்டி. மேசையில் கம்ப்யூட்டரின் ஒயர் சுருட்டி வைத்திருந்தது.

இளையவள் திரும்பினாள். "வந்துட்டியா? காலைல சொன்னேன்ல, அது இதான். லேடீஸ் ஹாஸ்டல்ல இடம் கெடச்சிருக்குக்கா. நாளைக்குப் போறேன். உங்களுக்கும் எத்தனை நாள்தான்..."

மூத்தவள் கட்டிலருகே போனாள். பெட்டியின் வாரை அவிழ்த்தாள். மூடியைத் திறந்தாள். எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. மேலேயே அந்த டப்பா.

"என்னக்கா பண்றே?"

டப்பாவிலிருந்து பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நேரே குளியலறைக்குப் போனாள். கண்ணாடித் தட்டில் இருந்த கோப்பையில் போட்டாள். இரண்டு பிரஷ்கள் நகர்ந்து மூன்றாவதுக்கு இடம் கொடுத்தன.

பின்னாலேயே வந்து நின்ற தங்கையிடம் திரும்பினாள்.

"இருடி."

"அக்கா..."

"எங்கேயும் போகாதே. இங்கேயே இரு. அந்த வீட்ல என்ன நடந்துச்சுன்னு உனக்குச் சொல்லணும்னு தோணுறப்ப சொல்லு. தோணலேன்னா சொல்லாதே. ஆனா இரு."

இளையவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முகம் கோணியது. "இதைச் சொல்ல உனக்கு நாலு மாசமா?"

"சொந்தமாப் பேசிப் பழக்கம் இல்லடி எனக்கு."

இளையவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வாசலில் நின்ற லிப்ட்காரர் சுவரில் இருந்த சுவிட்சை மிகவும் அக்கறையாக ஆராய்ச்சி செய்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள் இளையவள்.

"திடீர்னு எப்படித் தோணுச்சு உனக்கு?"

"பெட்டிக்காரி கதை இருக்கே, அந்தத் தாளைப் படிச்சேன்."

இளையவளின் கை சட்டென்று விலகியது. "அந்தத் தாளா? அதை நான் உனக்குத் தரவே இல்லையே! அது புதுசுக்கா. நீ பார்த்துடக் கூடாதுன்னே தனியா வெச்சிருந்தேன். வெளியே யாருக்காவது காட்டினியா? காட்டினது தெரிஞ்சா எனக்கு இருக்கிற இந்த ஒரு வேலையும் போயிடும்."

லிப்ட்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூத்தவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"யாருக்கும் காட்டலடி. பிரிண்டர் பக்கத்துல கெடந்துச்சு. எடுத்துப் படிச்சேன். வீட்டுக்குள்ளதான் இருக்கு."

"நெஜமா?"

"நெஜமா."

இளையவள் நீளமாக மூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அய்யோ, நான் ஒருத்தி! பரீட்சை என்னாச்சு? என்ன சொன்னாங்க?"

பத்தொன்பது வருஷமாக இருப்பதை இருக்கிறபடி மட்டுமே சொல்லிப் பழகிய மூத்தவள், தங்கையின் கலைந்த முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டாள்.

"பாஸ்டி. ரொம்ப இயல்பாப் பேசினேனாம். நாளைலேருந்து பழையபடி கவுன்ட்டர்தான்."

துளிகூடத் தடுக்காமல் வந்தது. இளையவள் அதை அப்படியே நம்பி, காபி போடுகிறேன் என்று சமையலறைக்கு ஓடினாள்.

மூத்தவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கைப்பையைத் திறந்து படிவத்தைப் பிரித்தாள். 'தாள் கொடுத்தவரின் பெயர்' என்று அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு இருந்தது. பத்து மணிக்கு இன்னும் பதினாறு மணி நேரம்.